ஆடிட்டர் பார்த்துக் கொள்வார் என்று இருந்து விடாதீர்கள்!

(செந்துறையில் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மார்க்கம் பேச வேண்டிய ஹஜ்ரத் ஜி.எஸ்.டி. பேச வந்து விட்டாரே என்று சிலர் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. திருக்குர்ஆனில் மிக நீளமான வசனம் எது என்று மத்ரஸாவில் ஓதும் ஒரு பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். அது தொழுகையைப் பற்றியதா? நோன்பைப் பற்றியதா? இரண்டும் இல்லை. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது! அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம். சிறிய தொகையாக இருந்தாலும் எழுதச் சலிப்படையக் கூடாது என்பது வரை அதில் வருகிறது. நாம் ஓதிக் கடந்து போகும் ஒரு நுணுக்கமும் அதில் இருக்கிறது. எழுத்தர் எழுத வேண்டும். ஆனால் என்ன எழுத வேண்டும் என்று சொல்ல வேண்டியவர் எழுத்தர் அல்ல. யார் மீது கடன் பொறுப்பு இருக்கிறதோ அவர்தான் வாசகத்தைச் சொல்ல வேண்டும். எழுத்து வேலை ஒருவருக்கு, பொறுப்பு இன்னொருவருக்கு.

இன்று நம் கடைவீதியில் நிலைமை என்ன? "உங்கள் கடைக்குப் போன மாதம் எவ்வளவு வரி கட்டினீர்கள்?" என்று கேட்டால், "அதெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்குவார் ஹஜ்ரத்" என்று பதில் வருகிறது. அவர் ஆடிட்டரா என்பதே முதல் கேள்வி! நம் பக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்துக் கணக்கு எழுதுகிற எல்லோரையும் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுகிறோம். 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற பட்டயக் கணக்காளர் வேறு. வரித்துறையில் பதிவு செய்து கொண்ட ஜி.எஸ்.டி. பிராக்டிஷனர் வேறு, அவர்களிடம் வேலை பார்த்து விட்டுத் தனியாக உட்கார்ந்து விட்ட தம்பி வேறு. மூவரிலும் நேர்மையான திறமைசாலிகள் உண்டு. ஆனால் நீங்கள் யாரிடம் கொடுத்திருக்கிறீர்கள் என்பதாவது உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

கர்நாடகத்தில் 2025 ஜூலை மாதம் நடந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். ஹாவேரியில் ஒரு காய்கறிக் கடைக்காரர். விவசாயியிடம் வாங்கி மக்களுக்கு விற்பவர். நான்கு ஆண்டுகளில் அவருக்கு வந்த டிஜிட்டல் பணம் 1 கோடியே 63 லட்சம் ரூபாய் என்று கூட்டிப் பார்த்து, 29 லட்சம் ரூபாய் ஜி.எஸ்.டி. கட்டு என்று நோட்டீஸ் அனுப்பினார்கள். பச்சைக் காய்கறிக்கு வரியே கிடையாது! இப்படி ஆயிரக்கணக்கான சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் போனது. பெங்களூரில் பலர் க்யூ.ஆர். அட்டையைக் கிழித்தெறிந்து விட்டு, ரொக்கம் மட்டும்தான் என்று எழுதித் தொங்க விட்டார்கள். கடையடைப்பு அறிவித்தார்கள். பிறகு முதலமைச்சர் அழைத்துப் பேசி, பழைய பாக்கியைக் கேட்க மாட்டோம், ஆனால் வரம்பைத் தாண்டியவர்கள் பதிவு செய்து கொள்ள வேண்டும் என்று சொன்ன பிறகே ஓய்ந்தது.

இதில் அரசாங்கத்தின் மீது நமக்குக் கோபம் உண்டு. தள்ளுவண்டிக்காரனிடம் காட்டும் வேகம் வேறு இடங்களில் காணப்படுவதில்லை. ஆனால் நாம் பார்க்க வேண்டிய பக்கம் வேறு. கம்ப்யூட்டருக்குப் பணம் வந்தது தெரிகிறது. தக்காளிக்கு வந்ததா, தட்டுமுட்டுச் சாமானுக்கு வந்ததா, மச்சான் திருப்பிக் கொடுத்த கைமாற்றா என்பது தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் கடைக்காரர். சொல்வதற்குக் கையில் காகிதம் வேண்டும். கடைக்கு வருகிற பணமும், கல்யாண மொய்யும், துபாயிலிருந்து தம்பி அனுப்பியதும் ஒரே அக்கவுண்டில் விழுந்தால் எந்த ஆடிட்டராலும் பிரித்துக் காட்ட முடியாது.

வரம்பு பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம். வரியில்லாத சரக்கு மட்டுமே விற்றால், உதாரணமாகப் பச்சைக் கறிக்கடை, காய்கறிக் கடை, எவ்வளவு விற்றாலும் பதிவு தேவையில்லை. ஆனால் மளிகைக் கடையில் 38 லட்சத்துக்குச் சில்லறை அரிசியும் 3 லட்சத்துக்கு சோப்பு, எண்ணெயும் விற்றால், "வரி உள்ள சரக்கு 3 லட்சம்தானே" என்று சொல்ல முடியாது. வரியில்லாத விற்பனையும் சேர்த்துத்தான் 40 லட்சம் பார்க்கிறார்கள். மூன்று அக்கவுண்டில் மூன்று க்யூ.ஆர். வைத்திருப்பதால் தப்பி விடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: மூன்றுக்கும் பான் எண் ஒன்றுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அரியலூர்ப் பக்கம் பல வருடமாகக் கணக்கு வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் பேசிக் கொண்டிருந்தேன். நம்மவர்களைப் பற்றி அவர் மனம் விட்டுச் சொன்னதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. மாதம் ஐந்நூறு கேட்டால் முந்நூறுக்குப் பேரம் பேசுகிறார்கள். அந்த முந்நூறையும் வருடம் முழுக்கத் தருவதில்லை. பேங்கில் லோன் வேண்டும் என்கிற நாளில் மொத்தமாகக் கொண்டு வருகிறார்கள். கடைசித் தேதிக்கு முதல் நாள் இரவு மஞ்சள் பையில் பில்களைத் திணித்துக் கொண்டு வந்து கொட்டுகிறார்கள். அவரால் என்ன செய்ய முடியும்? நீங்கள் துண்டுச் சீட்டில் எழுதித் தரும் தொகையை அப்படியே அடித்து அனுப்புவார். வாங்கின பில் ஒவ்வொன்றையும் எதிராளி போர்ட்டலில் ஏற்றியிருக்கிறானா என்று ஒப்பிட்டுப் பார்க்க மாட்டார். அதற்குக் கூலி நீங்கள் பேசவே இல்லையே!

ஆனால் அந்த ஒப்பீட்டில்தான் உங்கள் பணம் இருக்கிறது. 2022 ஜனவரி முதல் சட்டம் இதுதான்: உங்களுக்குச் சரக்கு விற்றவர் அந்த பில்லைத் தன் ரிட்டர்னில் காட்டி, அது உங்கள் 2பி படிவத்தில் வந்தால் மட்டுமே நீங்கள் இன்புட் எடுக்க முடியும். நீங்கள் அவருக்கு வரியோடு பணம் கொடுத்திருப்பீர்கள். பில்லும் கையில் இருக்கும். அவர் காட்டவில்லை என்றால் உங்கள் இன்புட் போச்சு. மாதாமாதம் பார்த்தால் போன் போட்டு, "பாய், உங்க பில் வரலையே" என்று கேட்கலாம். இரண்டு வருடம் கழித்து நோட்டீஸ் வரும்போது அந்தக் கடையே இருக்காது.

மத்ரஸாவில் இஜாரா பாடம் நடத்தும்போது முதலில் சொல்லித் தருவது, வேலையும் தெளிவாக இருக்க வேண்டும், கூலியும் தெளிவாக இருக்க வேண்டும் என்பதுதான். "பார்த்துச் செய்யுங்கள்", "பார்த்துத் தருகிறேன்" என்று ஆரம்பிப்பது சண்டையில்தான் முடியும். கணக்காளரிடம் வேலை கொடுக்கும்போது ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். மாத ரிட்டர்ன் மட்டுமா, பில் ஒப்பீடும் சேர்த்தா? நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுவது இந்தக் கட்டணத்தில் அடங்குமா, தனியா? வருமான வரி ரிட்டர்ன் யார் பொறுப்பு? இதைக் கேட்டால் கோபித்துக் கொள்ளும் கணக்காளரிடம் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

கணக்காளர்களிலும் சிலரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. "மொத்தமா ஆறாயிரம் கொடுங்க பாய்" என்பார்கள். அதில் அரசாங்கத்துக்கு எவ்வளவு, அவருக்கு எவ்வளவு? கேட்பதில்லை. வரிப்பணத்தை யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். சலான் போட்டுத் தரச் சொல்லுங்கள். உங்கள் பேங்க் கணக்கிலிருந்து நீங்களே கட்டுங்கள். பத்தாயிரம் ரூபாய் வரை என்றால் பேங்க் கவுண்டரிலேயே கட்டலாம். கணக்காளர் கட்டணம் தனி. அதற்கு அவர் தனி பில் தர வேண்டும். அவர் ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் என்றால் 18 சதவீதம் சேர்ப்பார். நீங்கள் வழக்கமான முறையில் வரி கட்டுபவராக இருந்தால் அதையும் இன்புட் எடுக்கலாம். பதிவு இல்லாதவர் ஜி.எஸ்.டி. என்று ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது. ஊருக்கெல்லாம் பில் போடச் சொல்லிக் கொடுப்பவர் தன் கூலிக்கு பில் தரவில்லை என்றால் நியாயமா?

"ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், அதில் பத்து சதவீதம் எனக்கு" என்று வருகிறவர்களிடம் கவனமாக இருங்கள். பட்டயக் கணக்காளர்கள், சில விதிவிலக்குகள் தவிர, பலனைப் பொறுத்து சதவீதக் கணக்கில் கட்டணம் வாங்கக் கூடாது என்று அவர்கள் சட்டமே சொல்கிறது. சதவீதம் பேசுகிறவர் என்ன செய்வார்? கட்டாத வாடகையை, கொடுக்காத கட்சி நன்கொடையை, இல்லாத மருத்துவச் செலவை எழுதி ரீஃபண்டைப் பெருக்குவார். 2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை நாடு முழுவதும் 150 இடங்களில் இத்தகைய இடைத்தரகர்களைச் சோதனை போட்டது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் மட்டும் ஏறத்தாழ 40,000 பேர் தங்கள் ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய்ப் பொய்க் கழிவுகளை வாபஸ் வாங்கினார்கள் என்று துறையே அறிவித்தது. தரகருக்குக் கொடுத்த கமிஷன் திரும்பி வராது.

சகோதரர்களே! எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து பாஸ்வேர்டில் இருக்கிறது. விற்பனை வரிக் காலத்தில் ஆபீசிலிருந்து ஆள் கடைக்கு வருவார். நோட்டீஸைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார். 2007-இல் வாட் வந்தபோதும் ஓரளவு அப்படித்தான். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு எல்லாம் போர்ட்டலில். நோட்டீஸை அங்கே ஏற்றி விட்டால் உங்களுக்குக் கொடுத்ததாகவே துறை எடுத்துக் கொள்கிறது. அந்த போர்ட்டலில் பதிவான மொபைல் எண் யாருடையது? ஈமெயில் யாருடையது? பத்துக் கடைக்காரர்களைக் கேளுங்கள், பாதிப் பேர் "ஆடிட்டர் நம்பர்தான்" என்பார்கள். அவர் சிம் மாற்றினால், ஊர் மாறினால், மௌத்தானால் உங்கள் கடைக்கு வரும் தபால் எங்கே போகும்?

இது கற்பனை அல்ல. சென்னை உயர் நீதிமன்றத்தில் இப்படி வரிசை வரிசையாக வழக்குகள் வந்திருக்கின்றன. போர்ட்டலின் ஒரு மூலையில் நோட்டீஸ் கிடந்தது, எங்களுக்குத் தெரியாது, கணக்கு பார்த்தவர் சொல்லவில்லை என்று வியாபாரிகள் முறையிடுகிறார்கள். பேங்க் கணக்கு முடக்கப்பட்ட பிறகுதான் உத்தரவு வந்ததே தெரிகிறது. நீதிமன்றம் பல வழக்குகளில் இரக்கம் காட்டி, கேட்ட வரியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி மறு விசாரணைக்கு அனுப்பியிருக்கிறது. ஆனால் எண்ணிப் பாருங்கள்: நியாயம் உங்கள் பக்கம் இருந்தும், அதைச் சொல்வதற்கே முதலில் பணம் கட்ட வேண்டும்; சென்னைக்கோ மதுரைக்கோ வக்கீல் பீஸ் வேறு. மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம்தான். தக்க காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம். அதற்குப் பிறகு மேல்முறையீட்டு அதிகாரிக்கே மன்னிக்க அதிகாரம் கிடையாது.

"நான் செய்யவில்லை, கணக்காளர் செய்தார்" என்பது அங்கே எடுபடாது. வகாலத் பாடத்தில் ஓதினோமே, வக்கீல் செய்த காரியம் முவக்கிலைப் போய்ச் சேரும் என்று! அதே கதைதான். ஆகவே மொபைலும் ஈமெயிலும் உங்களுடையதாக மாற்றுங்கள். கணக்காளர் ஓ.டி.பி. கேட்டால், எதற்கு என்று கேட்டு விட்டுச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை உங்கள் வீட்டில் படித்த பிள்ளையை உட்கார வைத்து போர்ட்டலைத் திறந்து பாருங்கள். காலேஜ் போகும் மகளுக்கு இது பத்து நிமிட வேலை.

ரிட்டர்ன் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று ஒரு தம்பி கேட்டார். ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். விற்பனையே இல்லாத ரிட்டர்னுக்கு 20 ரூபாய். சிறு வியாபாரிக்கு ஒரு ரிட்டர்னுக்கு இவ்வளவுதான் என்று உச்ச வரம்பு உண்டு. ஆனால் கட்டாத வரிக்கு 18 சதவீத வட்டி ஓடும். தொடர்ந்து ஆறு மாதம் போடா விட்டால் பதிவையே ரத்து செய்யலாம். ரத்தானது தெரியாமல் பில் போட்டுக் கொண்டிருந்தால் உங்களிடம் வாங்கினவருக்கும் தொல்லை.

நம் வட்டாரத்துக்கே உரிய ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கமெல்லாம் முந்திரி. விவசாயியிடம் தோலோடு கொட்டையை வாங்கும்போது அவர் வரி போட மாட்டார். ஆனால் வாங்குகிற நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் என்றால், அந்த 5 சதவீதத்தை நீங்களே கட்ட வேண்டும். தலைகீழ் வரி என்று இதைச் சொல்கிறார்கள். உங்கள் பேரில் நீங்களே ஒரு பில் போட்டு, ரொக்கமாகக் கட்டி, பிறகு அதை இன்புட்டாக எடுத்துக் கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவர் இன்புட் எடுக்க முடியாது. அவருக்கு அது செலவுதான். முந்திரி வாங்கும் வியாபாரி முதலில் கணக்காளரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. நம்மில் பலர் கேட்டதே இல்லை.

கடை வாடகையும் இதே போல ஆகி விட்டது. 2024 அக்டோபர் 10 முதல், பதிவில்லாத உரிமையாளரின் கட்டிடத்தில் கடை வைத்திருக்கும் பதிவு பெற்ற வியாபாரி, வாடகைக்கு 18 சதவீதம் தானே கட்ட வேண்டும். காம்போசிஷன்காரர்களுக்கு 2025 ஜனவரியில் விலக்குக் கொடுத்தார்கள். பள்ளிவாசல் வளாகக் கடைகளுக்கு, வருமான வரிச் சட்டத்தில் பதிவு பெற்ற அறக்கட்டளையாக இருந்து, மாத வாடகை பத்தாயிரத்துக்குள் இருந்தால் வரி இல்லை. நம் முத்தவல்லிகள் அந்தப் பதிவு இருக்கிறதா என்று பார்த்து வைப்பது கடைக்காரர்களுக்குச் செய்யும் உதவி.

2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்கள் மாறியது உங்களுக்கே தெரியும். அரியலூர் சிமெண்டுக்கு 28 போய் 18 ஆயிற்று. 2,500 ரூபாய் வரையுள்ள துணிமணிக்கும் செருப்புக்கும் 5 சதவீதம். பில்லிங் சாஃப்ட்வேரில் பழைய விகிதத்தை மாற்றினீர்களா என்று மட்டும் ஒரு தடவை பாருங்கள். கூடுதலாக வசூலித்த வரி உங்கள் லாபம் அல்ல; அரசாங்கம் கேட்கும், வாடிக்கையாளரும் கேட்பார்.

"பன்னிரண்டு லட்சம் வரை வருமான வரி இல்லையே, இனி எதற்குக் கணக்கு?" என்பவர்களுக்கு: அது புதிய முறையில் கிடைக்கும் தள்ளுபடி. வருமானம் நான்கு லட்சத்தைத் தாண்டினாலே ரிட்டர்ன் போட வேண்டும். போட்டால்தான் வரி பூஜ்யம் என்பது பதிவாகும். மேலும் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 என்று தேதி குறித்திருக்கிறார்கள். பிரிவு எண்கள் எல்லாம் மாறுகின்றன. கணக்காளர் பழைய எண்ணைச் சொன்னால் எந்தச் சட்டத்தில் என்று கேளுங்கள்.

கணக்கு வரிக்காக மட்டும்தானா? ரமலான் வந்தால் ஜகாத் எவ்வளவு என்று என்னிடம் கேட்கிறீர்கள். கையிருப்புச் சரக்கு எவ்வளவு, வர வேண்டிய கடன் எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று நான் திருப்பிக் கேட்டால், "சுமாரா ஒரு அஞ்சு லட்சம் வச்சுக்குங்க ஹஜ்ரத்" என்கிறீர்கள். இரண்டரை சதவீதம் துல்லியமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. சுமாருக்கு எப்படி இரண்டரை சதவீதம் போடுவது?

கடைசியாக, பின்னால் நிற்கிற தம்பிகளுக்கு. உங்களுக்குக் கடை இல்லை, அதனால் இந்தப் பேச்சு உங்களுக்கில்லை என்று நினைத்து விடாதீர்கள். "ஆதார், பான் காப்பி கொடு, ஒரு கையெழுத்துப் போடு, மாதம் ஏதோ தருகிறேன்" என்று வருகிறார்கள். உங்கள் பேரில் ஜி.எஸ்.டி. எண் வாங்கி, சரக்கே இல்லாமல் கோடிக்கணக்கில் பில் போட்டு இன்புட்டை விற்று விட்டு மறைந்து விடுகிறார்கள். கூலி வேலை செய்பவர்களுக்கு, ஏழைப் பெண்களுக்குக் கோடி ரூபாய் வரி நோட்டீஸ் வந்த செய்திகள் நம் மாநிலத்திலேயே வந்திருக்கின்றன. இத்தகைய போலிப் பதிவுகளைப் பிடிக்க 2023-லும் 2024-லும் நாடு தழுவிய சிறப்புச் சோதனை நடத்த வேண்டிய அளவுக்கு இது பரவியிருக்கிறது. வரி ஏய்ப்பு ஐந்து கோடியைத் தாண்டினால் ஜாமீன் இல்லாத குற்றம். ஐந்தாண்டு வரை சிறை. வேலை தருகிறேன் என்று சொல்லி ஆதார் வாங்குகிறவனும், லோன் வாங்கித் தருகிறேன் என்பவனும் இதைச் செய்யக் கூடும். நம் இளைஞன் ஒருவன் இதில் சிக்கினால் அவனுக்காக வாதாட யார் வருவார் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் பான் எண்ணில் ஏதாவது ஜி.எஸ்.டி. பதிவு இருக்கிறதா என்று போர்ட்டலில் பான் எண்ணைக் கொண்டு தேடிப் பார்க்கலாம். லாகின் தேவையில்லை, கட்டணமும் இல்லை. நீங்கள் வாங்காத எண் ஒன்று தென்பட்டால் அன்றே வணிகவரி அலுவலகத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள். காவல் நிலையத்திலும் கொடுத்து ரசீது வாங்குங்கள். நோட்டீஸ் வந்த பிறகு சொல்வதற்கும், வருவதற்கு முன்பே சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நம் பிள்ளைகள் நால்வர் லேப்டாப்போடு வெளித் திண்ணையில் இருப்பார்கள். பான் அட்டையோடு வந்தால் தேடிக் காட்டுவார்கள். கடைக்காரர்கள் போர்ட்டலில் மொபைல் எண் மாற்ற வேண்டுமானால் அன்றே மாற்றிக் கொள்ளலாம். பாஸ்வேர்டை நீங்களே அடியுங்கள்; பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம்.